இருட்டு வைத்தியம்

கைலாசம் செம்பருத்திக் கிளையை இரண்டு விரலால் பிடித்து, நாடி பார்க்கிற வைத்தியரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டுக்கார அம்மாள் தண்ணீர்க் குழாயைத் தரையில் போட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"உசுரு இருக்கும்மா. பூக்கத்தான் மனசு இல்ல."

"மனசு வரதுக்கு நானும் என்னல்லாமோ செஞ்சு பாத்துட்டேன், தம்பி. செடி விக்க வாற ஒருத்தரையும் சும்மா விடல. ஒருத்தர் கடலைப் பிண்ணாக்குங்காரு, ஒருத்தர் வேப்பெண்ணெய்ங்காரு. சாமிக்கு வைக்க ஒத்தப் பூ கிடையாது."

பாபநாசம் சாலையில், ஊரை விட்டுத் தள்ளிப் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே அந்த ஒரு வீடுதான் இருந்தது. வாசலில் 'சித்ரலேகா' என்று பெயர்ப்பலகை. சுற்றிலும் எல்லைக்கல்லும் உடைமரமும்தான். கைலாசம் தெருவில் நிறுத்தியிருந்த மொபெட்டில் ரோஜாக் கன்றுகள் சாரல் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

செடியில் இலை தளதளவென்று இருந்தது. நுனிகளில் மட்டும் வெறும் காம்பு நின்றது, ஆடு கடித்த மாதிரி. மதில் ஆளுயரம், ஆடு வர வழியில்லை. அணிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவன் கண் அதற்குள் மேலே போய்விட்டது. பக்கச் சுவரில் ஒரு விளக்கு. கொல்லைக் கதவுவரை வெளிச்சம் விழுவது அதிலிருந்துதான்.

"வீட்ல வேற ஆள் இல்லியாம்மா?"

"நான் ஒருத்திதான். மகன் மஸ்கட்ல இருக்கான்."

செடிக்குத் தண்ணீர் விடும்போதும் அவள் கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி கனமாகக் கிடந்தது. கைலாசம் பார்வையைச் செடிக்குத் திருப்பினான்.

"இந்த லைட்டு விடிய விடிய எரியுதோ?"

"ஆமா. தனியா இருக்கேம்லா."

"அப்புறம் செடி எப்படிம்மா தூங்கும்? தூங்காத செடி பூக்குமா? எருவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இருட்டு குடுங்க. பொழுதடைஞ்சதும் லைட்ட அமத்திருங்க. பெறகு பாருங்க, கொத்துக் கொத்தா மொட்டு விடும்."

குழாய்த் தண்ணீர் அவள் காலைச் சுற்றிப் பெருகியது.

"இருட்டா?" என்றாள். "இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னான்.

"இத்தனை பேர்ல ஒருத்தரும் இதைச் சொல்லலியே," என்றாள் பைய. அவனிடம் ஒரு ரோஜாக் கன்றும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை விளக்கு எரிந்தது. மறுநாளும் எரிந்தது. கைலாசத்துக்கு அவசரமில்லை. வள்ளியூர்க்காரியும் அரளிக்கு இதே வைத்தியத்தைக் கேட்டுவிட்டு, விளக்கை அமர்த்த யோசித்தவள்தான். அங்கே காரியம் கெட்டுப்போனதற்கு அவள்தான் காரணம். கத்தாதே என்று எவ்வளவோ சொன்னான். சங்கிலியை அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுத்தாள், படியில் போய் விழுந்தாள். பின்மண்டை பட்ட சத்தம் இப்போதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது இறங்கியபோது, சாலையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கச் சுவர் இருந்த இடமே தெரியவில்லை.

மதிலைத் தாண்டிக் குதித்தான். செம்பருத்தி இருட்டில் கறுப்பாக நின்றது. முன்னறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது, ஏதோ சீரியலில் மாமியார் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். கிளை கழிக்கிற கத்தியைக் கதவிடுக்கில் நுழைத்து நெம்பினான். கொண்டி சொன்னபடி கேட்டது.

அடுக்களை மேசைமேல் செல்போன் வெளிச்சத்தை அடித்தான். சங்கிலி மேசையிலேயே கிடந்தது. கழற்றி வைத்துவிட்டாள், புண்ணியவதி. அவளைத் தொட வேண்டிய வேலை இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம், அது நிறைய வெண்டைப் பிஞ்சு மாதிரி என்னவோ வாடிக் கிடந்தது.

சங்கிலியில் விரல் பட்டதும், பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. டிவி நின்றது.

விளக்கு எரிந்தபோது கூடத்து வாசலில் வீட்டுக்கார அம்மாள் சித்ரலேகா நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் காக்கி உடுப்பில் இரண்டு பேர்.

"கத்தியக் கீழ போடுலே."

போட்டான். வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "ஐயா, நான் செடி வைத்தியம் சொன்ன ஆளு. பூத்துருச்சான்னு பாக்கத்தான் வந்தேன். அம்மாட்டயே கேளுங்க."

"வள்ளியூர் அனுராதா என் கூடப்பொறந்த தங்கச்சி," என்றாள் சித்ரலேகா. குரல் உயரவில்லை. "சாகுற அன்னைக்கு மத்தியானம் போன்ல பேசுனா. அரளிக்கு இருட்டு வேணுமாம்க்கா, செடிக்காரர் சொன்னாருன்னு சிரிச்சா. பேரு தெரியாது, ஆளு தெரியாது. அந்த ஒரு பேச்சுதான் எனக்கு மிச்சம். அதான் இந்தப் பக்கம் வாற செடிக்காரங்க எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன்."

கைலாசத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. "அதுக்கு... செடி பூக்காமத்தானம்மா கெடந்துச்சு?"

அவள் கிண்ணத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"மொட்டெல்லாம் நான்தான் கிள்ளுனேன்."