வட்டத்துக்கு வெளியே

“வாங்க” என்றாள் பேராசிரியை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே.

வாசலில் நின்றவன் சிரித்தான். “‘வாங்க’வா? அப்ப கோபம் இன்னும் ஆறல.”

இருபத்திரண்டு வருஷக் கோபம். அவ்வளவு லேசில் ஆறிவிடுமா?

பழைய ரோபோ லேபைக் காலி செய்கிறார்கள். துறையே புதுக் கட்டடத்துக்குப் போகிறது. ‘உங்கள் பொருள் ஏதாவது இருந்தால் எடுத்துப் போகலாம்’ என்று பழைய ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாருக்கும் கடிதம் போனது. இவனுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

கழுத்தில் எந்நேரமும் வயர்ச் சுருளோடு திரிந்ததால் அவனுக்கு வயர் என்றே பெயர். இப்போது ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில் வாத்தியார். முன்மண்டை பளபளத்தது.

“அடேயப்பா, நம்ம மேசை!” என்று ஓடிப் போய்த் தடவிப் பார்த்தான்.

அவளுக்கும் பார்வை அங்கேயே போனது. ஒரே மேசை, நடுவில் ஒரு கோடு. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். ஈயம் உருகும் வாசனை. கிறீச் கிறீச்சென்று ஒரு மின்விசிறி. அதை யார் பக்கம் திருப்புவது என்று தினமும் சண்டை.

இரண்டு பேருக்கும் ஒரே வேலை. கப்பை எடுத்து சிங்கில் போட ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதா’னுக்கு நாலு வருஷம் ஆனது.

இவளுடைய ரோபோவுக்குப் பெயர் தாத்தா, கை நடுங்கும். அவனுடையது மாப்பிள்ளை. ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான், லேசில் அசையாது.

“மாப்பிள்ளை எங்கே?” என்றான்.

“அலமாரியில. எடுத்துட்டுப் போங்க.”

“‘போங்க’வும் வந்தாச்சு!”

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், நேராப் பதில் சொல்லு. அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினே?”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

கடைசிச் சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தபோது நடந்தது அது. முன்பின் பார்க்காத ஒருவர் வீட்டுச் சமையலறையில் ரோபோ வேலை செய்து காட்டணும். யாருடையது ஜெயிக்கிறதோ அவருக்குத் துறையில் இருந்த ஒரே வேலை.

கப் வைக்கும் இடத்தில் இவள் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். காலையில் வந்து பார்த்தால் கப் வட்டத்துக்கு வெளியே. மறுநாள் கவிழ்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் துணிக்கு அடியில். தாத்தா வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கும்.

ஒரு நாள் சீக்கிரமே வந்தாள். கையில் இவள் கப்போடு வயர் நின்றிருந்தான்.

லேபே அதிரக் கத்தினாள், பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ‘இவன் எங்கே ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிக்கணும்’ என்ற வெறியில் கப்பைக் கண்ட இடத்தில் எல்லாம் வைத்துத் தாத்தாவைப் பழக்கினாள். சோதனையன்று அந்த வீட்டுக் கப் ரொட்டிக் கூடைக்குப் பின்னால் கிடந்தது. தாத்தா தேடி எடுத்து சிங்கில் போட்டது. மாப்பிள்ளை நட்டுவைத்த மாதிரி நின்றது.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லுவாள். “ஒரு பொறாமைக்காரன் என்னைக் கவிழ்க்கப் பார்த்தான்” என்றுதான் ஆரம்பிப்பாள்.

“உன் தாத்தா கத்துக்கவே இல்ல” என்றான் வயர் மெதுவாக. “அந்த வட்டத்தை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது. யார் வீட்டுல கப்பு வட்டத்துக்குள்ள நிக்குது?”

“அதை வாயால சொல்லியிருக்கலாமே!”

“ரெண்டு தடவை சொன்னேன். ‘முதல்ல உன் மாப்பிள்ளையை எழுப்பு’ன்னுட்டே.”

சொன்னாள்தான். சொன்னது நினைவிருந்தது. அதற்கு லேபே சிரித்ததும் நினைவிருந்தது.

“நான் அத்தனை பேர் முன்னால கத்தினப்பவாவது...”

“நீ அன்னைக்கே கப்பை இடம் மாத்தி மாத்தி வைக்க ஆரம்பிச்சுட்டியே. கோபத்துல வேலை ஓடிச்சு. நடுவுல பேசிக் கெடுப்பானேன்?”

அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், பழைய இடத்தில் நின்றாள். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொன்ன அந்தப் ‘பொறாமைக்காரன்’ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“இவ்வளவு தெரிஞ்சும் உன் ரோபோ ஏன்டா தோத்துச்சு?”

“‘டா’ வந்துடுச்சு, போதும்” என்று பழைய மாதிரியே சிரித்தான். “நானும் இடம் மாத்தித்தான் வெச்சேன். ஆனா வைக்கிறது என் கை, எடுக்கச் சொல்லித் தர்றதும் நான். எங்கே வைப்பேன்னு எனக்குத் தெரியாதா? அது சோதனையே இல்ல. அதை வேற ஒருத்தர் செய்யணும்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“நீதான் பேச மாட்டேன்னுட்டியே!” அலமாரியிலிருந்து மாப்பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். “பழிக்குப் பழியா நீயும் என் கப்பை நகர்த்துவேன்னு ரெண்டு மாசம் காத்திருந்தேன். நீ ரொம்ப நல்லவ, தொடவே இல்ல.”