முதல் ஆள்

சாவு வீட்டில் எல்லார் கண்ணும் வாசலிலேயே இருந்தது. மருதமுத்து இன்னும் வரவில்லை.

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷன். மூங்கில் வெட்டுவதிலிருந்து பந்தல் போடுவது வரை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு டவுன் கவுன்சில் தேர்தலும் வர, மருதமுத்து அதில் நின்றார். "நம்ம வீட்டு ஓட்டு அவனுக்குத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் கணபதி. அந்தக் கணபதிதான் விடியற்காலை கண்ணை மூடிவிட்டு இப்போது கூடத்தில் கிடந்தார்.

"மருதமுத்து கடையில போன் வந்தாலும் வந்துச்சு, ஆளு எடத்தை விட்டு எழுந்திரிக்கிறதில்ல," என்றார் அண்ணாமலை மாமா. "இப்பத்தான் எட்டிப் பாத்துட்டு வரேன். மூவார்ல யாரோ சீனத் தவுக்கேயாம், பெரிய மொதலாளி, அவரோட மலாய்ல கத்திக்கிட்டு இருக்காரு. அதை வெச்சதும் பத்து பகாட் ஊருக்கு இன்னொரு போன். சாவைவிட யாவாரம் பெருசாப் போச்சு."

கணபதியின் மகள் கோகிலா அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கவலை அவளுக்கு. அண்ணன் கருணாகரன் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறவன். கம்பெனிக்குத் தந்தி அடித்தாகிவிட்டது. பதிலும் வந்துவிட்டது. லோரி சிங்கப்பூரை விட்டு நேற்றே கிளம்பிவிட்டதாம். வழியில் அங்கங்கே சரக்கு இறக்கிவிட்டு மலாக்கா வந்து சேர நாளைக்கு ஆகுமாம்.

"பங்காளி மகன் கொள்ளி வைக்கட்டும்மா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்," என்றார் மாமா.

"அண்ணன் வராம யாரும் பாடையில கை வைக்கக்கூடாது."

"அவனுக்கு விசயமே தெரியாதே. எப்படிம்மா வருவான்?"

"அது எனக்குத் தெரியாது மாமா. பொழுது சாயற வரைக்கும் அப்பா இங்கதான் இருப்பாரு."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. மருதமுத்துவை எதிர்த்து நிற்கிற கலியாணசுந்தரம் இறங்கினார். கையில் ஆளுயர மாலை, பின்னால் போட்டோக்காரர். மாலை போட்டார், படம் எடுத்தானது, ஏறிப் போய்விட்டார். வேன் மட்டும் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. "அமரர் கணபதி அவர்களுக்கு உங்கள் வேட்பாளர் கலியாணசுந்தரம் நேரில் சென்று அஞ்சலி..."

"எப்படியோ, இவராச்சும் நேர்ல வந்தாரு," என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மருதமுத்துவின் மனைவி பாக்கியம் தனியாக வந்தாள்.

"மருதமுத்து அண்ணன் வரல, அண்ணி?" என்றாள் கோகிலா.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரால இப்ப வரமுடியாதும்மா. போன் பக்கத்துல இருக்காரு."

கோகிலாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "அங்கயே இருக்கச் சொல்லுங்க. இந்த வீட்டு ஓட்டு இனிமே அவருக்கு இல்ல. எங்கப்பாவுக்கு நடக்கிற எதுக்கும் அவரு வரவும் வேணாம்."

பாக்கியம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சும்மா இருந்துவிட்டாள். மாமாவால் சும்மா இருக்க முடியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"நீ சொன்னதை அப்படியே சொன்னேன். 'சரி'ன்னுட்டு மறுபடியும் போனை எடுத்துச் சுத்துறாரு. வெக்கங்கெட்ட ஜென்மம்."

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. பாடை கட்டியாகிவிட்டது. பங்காளி மகன் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றான். மாமா கோகிலாவின் முகத்தைப் பார்த்தார். அவள் அப்பாவின் கையை விடுவதாக இல்லை.

"இன்னும் வெளிச்சம் இருக்கு மாமா."

அப்போது வாசலுக்கு எதிரே சடக்கில் ஒரு லோரி வந்து நின்றது. கருணாகரன் குதித்து ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தான். வீடே கதறித் தீர்த்தது.

அழுகை ஓய்ந்ததும் மாமாதான் கேட்டார். "உனக்கு யாருப்பா சொன்னது?"

"ஆத்தைத் தாண்டணும்னு பத்து பகாட்ல ஃபெரிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன் மாமா. டிக்கெட் குடுக்கிற மலாய்க்காரரு என் லோரி நம்பரைச் சொல்லி வரிசை பூராத் தேடிக்கிட்டு வராரு. அப்பா போயிட்டாருன்னு அவருதான் சொன்னாரு. முன்னாடி நின்ன லோரியெல்லாம் எனக்கு ஒதுங்கிக் குடுத்துச்சு. மூவார் வந்தா, அங்க ஒரு தவுக்கே ஃபெரியைப் புறப்பட விடாம எனக்காகப் பிடிச்சு வெச்சிருக்காரு. காலையிலேருந்து அவங்க ஒருத்தரையும் மருதமுத்து அண்ணன் நிம்மதியா இருக்க விடலியாம். போன் மேல போனாம்."

கோகிலா பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"உங்கண்ணன் கெடைக்காமப் போனா உனக்கு வீணா ஆசை காட்டினதா ஆயிடும்னாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"கடையிலதான். நீதான் வரவேணாம்னுட்டியேம்மா."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி, மகன் வந்தாச்சு. இருட்டப் போவுது, தூக்குங்கப்பா."

நாலு பேர் குனிந்தார்கள். கோகிலா எழுந்து வந்து பாடையின் மேல் கை வைத்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் காலையில் இருந்த அதே குரல்.

"எடுக்கக்கூடாது மாமா. நீங்க கடைக்குப் போயி மருதமுத்து அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

"பொழுது சாயுதேம்மா."

"சாயட்டும். முதல் ஆளு இன்னும் வரல."