சோப்பு வாசனை

“சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, தலையையும் துணியால கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?”

தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் குந்தியிருந்த மாடசாமி பீடியை எறிந்துவிட்டுக் கேட்டான்.

“டிஸ்பென்சரிக்கு. எனக்குச் சளி. மருந்து எடுத்துட்டு வந்துர்றேன்.”

லெட்சுமி அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நான்கு மாத மகனைப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள்.

மடுல்சீமைத் தோட்டத்து லாரியில் மாடசாமிக்குக் கிளீனர் வேலை. பாதி நாள் பசறை ரோட்டிலேயே போய்விடும். ஆனாலும் வீட்டில் நடப்பது அவன் கண்ணில் படாமல் இல்லை. ஒரு வாரமாகவே லெட்சுமி மாறிவிட்டாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் வெந்நீர் வைத்துக் குளிக்கிறாள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள். வெளுத்த சேலையாகத் தேடி உடுத்துகிறாள். புருஷனிடம் மட்டும் பேச்சு கிடையாது. கேட்டதற்கு ஒரு சொல், அதோடு சரி. சளி என்கிறாள், அவள் ஒரு தும்மல் போட்டு அவன் கேட்டதில்லை. திரும்பி வரும்போதும் மேலெல்லாம் டிஸ்பென்சரிச் சோப்பு வாசனை.

டிஸ்பென்சரியில் இருப்பது யார்? சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்து டொக்டர் ஐயா. சின்ன வயது, சுருட்டை முடி. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறவர். பெண்கள் மருந்துக்குப் போனால், ‘என்ன தங்கச்சி’ என்று சிரித்துப் பேசுகிறவர். லெட்சுமியும் அவரைப் பார்த்துச் சிரிப்பாளா? மாடசாமியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தான்.

டிஸ்பென்சரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டொக்டரின் குரல் கேட்டது.

“கையை முழங்கை வரைக்கும் கழுவினனியோ?”

“கழுவிட்டேங்க.”

“அப்ப மறைப்புக்கு அங்கால போ. வெக்கப்படாதை.”

மாடசாமி கதவை உதைத்துத் திறந்தான்.

“எம் பொண்டாட்டிய எங்கய்யா மறைச்சு வச்சிருக்க?”

அடுப்பருகே நின்ற டொக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் இடுக்கி. கொதிக்கும் தண்ணீரிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்துக்கொண்டிருந்தார். அறைக்கோடியில் தொங்கிய வெள்ளைத் துணியை விலக்கிக்கொண்டு மருத்துவிச்சி செல்வநாயகி வெளியே வந்தாள்.

“சத்தம் போடாதை! பிள்ளை நித்திரை. உன்ர மனுசிக்குப் பக்கத்தில நான்தான் இருக்கிறன். பால் எடுத்துக் குடுக்கிறாள்.”

“பாலா?”

செல்வநாயகி மேசையைக் காட்டினாள். ஒரு தேயிலைப் பெட்டி. உள்ளே பஞ்சு, கம்பளி, சுற்றிலும் சுடுதண்ணீர்ப் போத்தல்கள். நடுவில் சுருங்கிய முகத்தோடு ஒரு சிசு.

“கீழ் லயத்து இராக்கம்மா போன கிழமை பிள்ளை பெத்துச் செத்தாளெல்லோ, அவளின்ர பிள்ளை,” என்றார் டொக்டர். “மாதம் நிறையாமல் பிறந்தது. உறிஞ்சத் தெரியாது, சொட்டுச் சொட்டாய் விடவேணும். முதல் நாள் லயத்துப் பொம்பிளையள் தகரப் பேணியில பால் கொண்டு வந்திச்சினம். நல்ல மனசோடதான். ஆனால் கை கழுவேல்லை, பேணி அவிக்கேல்லை. கிருமி போய்ப் பிள்ளைக்கு வயித்தாலை போச்சுது, சாகக் கிடந்தது. இப்ப லெட்சுமியின்ர பால் மட்டும்தான். குளிச்சு, நகம் வெட்டி, இஞ்ச வந்து அவிச்ச போத்தலில எடுத்துத் தாறாள். அதையும் நாங்கள் சூடாக்கி ஆறவிட்டுத்தான் குடுக்கிறம்.”

“பிள்ளையும் செத்துப்போச்சுன்னுதானே சொன்னாங்க?”

மாடசாமியின் குரல் இறங்கிவிட்டது. அந்தச் சாவுக்கு அவன் போகவில்லை. லாரியோடு பசறையிலேயே இருந்துவிட்டான்.

“சாகத்தான் போகுதெண்டு எல்லாரும் நினைச்சம், அதுதான் அப்பிடிக் கதை பரவியிருக்கும். பிழைச்சிட்டுது.”

டொக்டர்மேல் இருந்த சந்தேகம் போனாலும் மாடசாமிக்கு ஆத்திரம் போகவில்லை. பெட்டிப் பக்கம் திரும்பாமல், துணி மறைப்பைப் பார்த்துக் கத்தினான்.

“ஏன்டி, அது எம் மகன் குடிக்க வேண்டிய பாலு! எவனோ பெத்ததுக்கு ஊத்துறியா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”



“உன்ர மகனுக்குக் குறைவில்லை, நான் பாத்தனான்,” என்றாள் செல்வநாயகி. “இதுவும் ஒரு உயிர்தானே?”

டொக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். “நாளைக்குப் பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறம். தகப்பன்ர பேர் கேப்பினம். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. தோட்டம் முழுக்கத் திரியிறவன் நீ. உனக்கு ஏதும் தெரியுமோ?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? புருசன் செத்து மூணு வருசமாத் தனியாக் கெடந்தவ. ஒருத்தனோ, பத்துப் பேரோ! எவன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது.”

துணி விலகியது. லெட்சுமி முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்து, பால் போத்தலை இரண்டு கையாலும் செல்வநாயகியிடம் கொடுத்தாள்.

“அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சுங்க ஐயா. கடைசி நேரத்துல நான்தான் பக்கத்துல இருந்தேன். என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. பேரச் சொல்லிட்டுத்தான் செத்தா.”

“அப்ப இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்கேல்லை?”

“சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். செத்தவளப் பத்திக் கேவலமாப் பேசுனப்புறம் எப்படிங்க பேசாம இருக்கிறது?”

“ஆர் அவன்?”

லெட்சுமி பெட்டிக்குள் கிடந்த குழந்தைமேல் கம்பளியை இழுத்துச் சரியாகப் போர்த்தினாள்.

“எழுதிக்குங்க ஐயா,” என்றாள். “லாரிக் கிளீனர் மாடசாமி.”