சுற்றிப் பார்க்க வந்தவன்

"பேரு?"

"விமல்ராஜ், மேடம்."

"ஊரு?"

"செஞ்சி."

"துபாய்க்கு எதுக்கு வந்த?"

"சுத்திப் பாக்க மேடம். விசிட் விசா."

பாஸ்போர்ட் மேசைமேல் பொத்தென்று விழுந்தது. விமல்ராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போன இடத்தில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதுதான் அவன் திட்டம். அதை மட்டும் வாய்தவறி உளறிவிடக் கூடாது.

"சுத்திப் பாக்க வந்தவன் பையில இஞ்ச் டேப்பு எதுக்கு?"

"அது... கட்டடம் எவ்ளோ உசரம்னு..."

"அளந்து பாக்கவா? கையக் காட்டு. இது டைல்ஸ் ஒட்டுற கை!"

திருடிய கையைப் போல அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"உங்க ஊர்ல ராஜகிரிக் கோட்டை இருக்குதே, ஏறியிருக்கியா?"

முப்பத்திரண்டு வருஷமாக அதை பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"இல்ல மேடம்."

"வாசல்ல இருக்குற கோட்டைய ஏறிப் பாக்காதவன், கடல் தாண்டி கட்டடம் பாக்க வந்தியா? யாரு காதுல பூ சுத்துற? ஃபெயிலு! திரும்பிப் போ!"

அப்போது குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அதிகாரி எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"இன்னா கவிதா, நாலு நாளா ஒத்திகை பாக்குறோம். கட்டின புருஷன ஒரு தபாகூட பாஸ் பண்ண மாட்டேன்ற. எப்பதான் பண்ணுவ?"

கவிதா பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஆழமாகச் செருகினாள். முகத்தைத் திருப்பாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கு உங்க ஃபிளைட்டு கிளம்பிப் போயிடட்டும். அப்புறமா பண்றேன்."