இரண்டாவது சிலிண்டர்

"ரெண்டாவது சிலிண்டர்," என்று சொல்லிவிட்டு, காதில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் தேர்வாளர் ஹரலம்பியெ. "ரெண்டு மணிக்குள்ள கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சுக் காட்டு."

இலிங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கோத்த டிராக்டர் இன்ஜின் தறி ஓடுவதுபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நாலு சிலிண்டரில் எதற்கும் ஒரு தும்மல் இல்லை, கரும்புகை இல்லை.

இரண்டு வருடப் படிப்புக்கு அன்றுதான் கடைசிப் பரீட்சை. பழைய இன்ஜினைப் பிரித்து, மறுபடி கோத்து, ஹரலம்பியெ முன்னால் ஓடவிட வேண்டும். அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். கோளாறு என்றால், அது எங்கே என்று மட்டும் சொல்வார். அதைத் தேடி எடுத்துக் காட்டினால் சான்றிதழ், இல்லையென்றால் அடுத்த வருடம்.

இலிங்காவுக்கு அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து ஊர் டிராக்டர் பணிமனையில் அவளுக்காக ஒரு மெக்கானிக் வேலையைத் திங்கட்கிழமைவரை பிடித்து வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆனால் அதில் மேலாளரின் மருமகன் உட்கார்ந்துவிடுவான். மருமகன் புது பூட்ஸ்கூட வாங்கிவிட்டதாக ஊரில் பேச்சு.

ஹரலம்பியெயின் காதைப் பற்றி பராகன் சமவெளி முழுக்கக் கதைகள் உண்டு. பேரிங்குக்குள் ஒரு மணல் கிடந்தால்கூடக் கேட்டுவிடுமாம். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வருவதுதான் அபூர்வம். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். பள்ளி முதல்வர் பேசினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். தலைக்கனம் என்றார்கள் சிலர், பெரிய மனுஷத்தனம் என்றார்கள் சிலர்.

அன்று காலைகூட உடன் படிக்கும் ரெமுஸின் இன்ஜினைக் கேட்டு "மூணாவது" என்றார். திறந்து பார்த்தால் மூன்றாவது இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர் இல்லை. அது ரெமுஸின் பையிலேயே இருந்தது.

குழப்பம் அடுத்த மாணவன் நேலுவிடம்தான் தொடங்கியது. அவன் இன்ஜின் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோலக் கத்தியது. அவன் விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். ஹரலம்பியெ ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். நேலுவே கொஞ்ச நேரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அம்மா தேர்வாளர் வீட்டுக்கு ஒரு வாத்தை அனுப்பியிருப்பாள் என்று பட்டறையில் முணுமுணுத்தார்கள். விசாரித்ததில், நேலு வீட்டு வாத்துகள் எண்ணிக்கை குறையாமல் குளத்தில்தான் இருந்தன.

இலிங்கா மேல்மூடியைக் கழற்றினாள். டேப்பெட் இடைவெளியை அளந்தாள், சரி. இன்ஜெக்டரைக் கழற்றி டீசலைப் பீய்ச்சிப் பார்த்தாள், பனிபோலத் தூவியது. காற்றழுத்தம் பார்த்தாள், மற்ற மூன்றையும்விட அரைப் புள்ளி அதிகம், அதுவும் நல்லதுதான். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு மணி ஆயிற்று. நேற்றுவரை தெரிந்ததெல்லாம் தப்போ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

நேலு ஒரு வழி சொன்னான். "இந்த வாஷர்ல ரெண்டு தடவை அரம் போடு. இதுதான் சார் கோளாறுன்னு நீட்டு. பெரிய மனுஷன் சொன்னது பலிச்ச மாதிரியும் ஆச்சு, நீ பாஸான மாதிரியும் ஆச்சு."

இலிங்கா அரத்தை எடுத்தாள். வாஷரைப் பார்த்தாள். அரத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி பூட்டினாள்.

இரண்டு மணிக்கு அவர் முன்னால் போய் நின்று, "கோளாறு எதுவும் இல்ல சார். நீங்கதான் தப்பாச் சொல்லிட்டீங்க," என்றாள்.

அப்படி இதுவரை யாரும் சொன்னதில்லை. ஹரலம்பியெ அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஸ்டார்ட் பண்ணு என்று கையைக் காட்டினார்.

இன்ஜின் ஓடியது, காலையில் ஓடியது போலவே. அவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். வந்த கோபத்தில் இலிங்கா இமைகூடத் தட்டாமல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வேலை கிடைத்த சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது அவளுக்கு. ஒரு நட்டைக்கூட மாற்றவில்லையே. வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். "சார், காலையில அப்படி என்ன சத்தம் கேட்டுச்சு?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டார். ஓட்டி வந்திருந்த அவர் மனைவி ஆவுரிகா மட்டும் இறங்கி வந்து, அவளை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனம் இல்ல கண்ணு. அவருக்குக் காது போய் ஒம்பது வருஷம் ஆச்சு. வெளிய மூச்சு விட்டுடாத."

"அப்ப அந்த ஸ்க்ரூடிரைவர்?"

"அது சும்மா. அவர் பாக்கறது உங்க கண்ணை. தப்பு பண்ணின எடம் எதுவோ அங்கதான் கண்ணு தானாப் போகுமாம். என்ன தப்புன்னே தெரியாத மக்குப் பசங்கதான் தப்பிச்சுக்குவாங்க." ஆவுரிகா குரலைத் தாழ்த்தினாள். "சாப்பிடறப்ப உன்னைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. காலையில நீ ரெண்டாவது சிலிண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாமே, அங்க அப்படி என்ன இருந்துச்சு?"

இலிங்காவுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது. இன்ஜினுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது சிலிண்டருக்கு நேர் பின்னால், ஜன்னலில் சாய்ந்தபடி காலை முழுவதும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த வெல்டிங் பிரிவு மத்தெய், இரண்டு மணிக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தான்.