டோக்கி டோக்கி

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும் டீச்சருக்கு வாசலிலேயே சுருக்கென்றது.

பக்கவாதம் வந்து, பேச்சு நின்று, மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிற அம்மாவின் அறை அது. எட்டிப் பார்த்தால், கட்டிலில் அம்மாவை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் தம்பி மனைவி. கையில் ஒரு ஜப்பான் காமிக்ஸ். அதையும் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மாவின் கோணிய வாய் துடித்தது. கண்ணோரம் ஈரம்.

கப்பலில் வேலை பார்க்கும் தம்பி, ஜப்பான் துறைமுகத்தில் வாங்கிவந்த சிறுவர் காமிக்ஸ் அவை. அவற்றை வைத்தே இவள் ஜப்பான் எழுத்துப் படிக்கிறாளாம். பின்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமாம். கஷ்டமான எழுத்துக்குப் பக்கத்திலேயே பொடியாய்ச் சுலப எழுத்தும் போட்டிருப்பார்களாம்.

"முடியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து பண்ற வேலையா இது?"

"இல்ல அண்ணி, அத்தைக்கும் இதுல..."

டீச்சர் கேட்டால்தானே? பெற்ற மகள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அம்மா ஏன் இங்கே சீரழிய வேண்டும்? அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸ் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சியது.

டீச்சர் எந்தக் குறையும் வைக்கவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள் அவள். அம்மாவையும் தினம் பேசப் பழக்கினாள். 'தண்ணி' சொல்லச் சொல்வாள். தப்பாய் வந்தால் திருத்துவாள். மறுபடி தப்பாய் வந்தால் மறுபடி திருத்துவாள். அம்மா அழுதாள். அப்புறம் டீச்சர் முன்னால் வாயே திறப்பதில்லை.

ஆனால் தனியாக விட்டால் போதும், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் என்னவோ முனக ஆரம்பித்துவிடுவாள். நாளாக ஆக முனகல் பலத்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டார் விசாரிக்கும் அளவுக்குப் போனது. டீச்சருக்கு மானம் போயிற்று. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். டீச்சர்தான் விடாப்பிடியாகத் தூக்க மாத்திரை எழுதி வாங்கினாள்.

சத்தம் அடங்கியது. டீச்சருக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

"நீ பார்த்துக்கிட்ட லட்சணத்துல அம்மாவுக்குப் புத்தியே பேதலிச்சுப் போச்சு. கா, கின்னு ஏதோ இழுத்தாங்க. டோக்கி டோக்கின்னு உளறினாங்க."

மறுமுனையில் அவள் பரபரத்தாள்.

"கா, கி, கு, கே, கோ... முழுசா சொல்றாங்களா அண்ணி? எங்கிட்ட 'கு'வோட நின்னுடுவாங்க."

"நீயும் என்ன உளர்ற?"

"அது ஜப்பான் எழுத்து. டோக்கி டோக்கின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கற சத்தம், காமிக்ஸ்ல வரும். நம்ம பேச்சு வரலேன்னா அத்தைக்கு அழுகை வந்துடுது. இது வரலேன்னா சிரிப்புத்தான் வருது. எனக்கும்தான் தெரியாதே, ரெண்டு பேரும் சேர்ந்து தப்புத் தப்பாச் சொல்லுவோம். அப்படித்தான் அவங்களுக்கு முதல் சத்தமே வந்துச்சு. அன்னிக்கு நீங்க வந்தப்ப, அத்தை சிரிச்சுக்கிட்டிருந்தாங்க அண்ணி."

டீச்சர் போனை அப்படியே போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். அம்மா விழித்துத்தான் கிடந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. டோக்கி டோக்கி. நான் திருத்த மாட்டேன்மா, சொல்லு."

அம்மா மகளையே பார்த்தாள். பிறகு, சொன்ன பேச்சுக் கேட்கும் குழந்தையைப் போல, மாத்திரைக்காக வாயைத் திறந்தாள்.