காற்றில்லாத கூடம்

பூட்டிக் கிடந்த பெரிய கூடத்தின் நடுவே, மெழுகுவத்தி செய்யும் கணவனும் மனைவியும் ஒரு வத்தியை ஏற்றித் தரையில் ஊன்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தொழிலுக்கு வாடகை இடம் பார்க்க எங்கே போனாலும் அவர்களுக்கு இதுதான் சோதனை. காற்று இழுக்கும் அறையில் வார்த்த மெழுகு ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறிக் கோணிக்கொள்ளும். மத்தியான வெயில் ஜன்னல் கண்ணாடியின் அழுக்கோடு நின்றுவிடுகிறது. சுடர் துளியும் ஆடவில்லை. "பாத்தியா, காத்தே இல்ல. வீட்டு அடுப்படியில இடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு? சரின்னு சொல்லிடலாமா?" என்கிறான் அவன். குரல் சுவர்வரை போய் நிதானமாகத் திரும்பி வருகிறது. அவள் தரையையே பார்க்கிறாள். தூசியின் மேல் மெழுகுச் சொட்டுகள் வரிசையாக எதிர்ச்சுவர்வரை போகின்றன. அங்கே கதவு கிடையாது. தூசியில் பதிந்திருக்கும் காலடிகளோ இவர்களுடையவை மட்டும்தான். "நமக்கு முன்னாடியே யாரோ ஏத்திப் பாத்திருக்காங்க." "எப்பவோ பாத்திருப்பாங்க. பத்து வருஷமா பூட்டியே கிடக்குன்னு ஓனர் சொன்னாரே." அவள் சொட்டுகளை ஒட்டியே நடந்து சுவரடியில் குனிகிறாள். வார்ப்பு ஆறிவிட்டதா என்று தினமும் பார்க்கிற பழக்கத்தில், கடைசிச் சொட்டை நகத்தால் அழுத்துகிறாள். நகம் உள்ளே இறங்குகிறது. மெழுகு இன்னும் சூடாக இருக்கிறது.